காலையில் படித்தவருக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்ததா? அச்சிலிருந்து இணையத்துக்கு வந்தவர்களின் அனுபவங்கள்

பதினோரு வருடம் நாளிதழில் நிருபராக இருந்தேன். 2016 மார்ச்சில் பிரிட்டனின் ‘இண்டிபெண்டன்ட்’ அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு இணையத்தோடு நின்றுகொண்டபோது, அடுத்தது நாம்தானோ என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். மறு ஆண்டே என்னை இணையப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேகத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டேன். தவறைத் திருத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் நாளானது.

இரண்டாவது மாதம் ஒரு தீ விபத்து. காவலாளி தூங்கிவிட்டார், அதனால்தான் தீ பரவியது என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அச்சில் இருந்திருந்தால் இரவு பக்கம் முடியும்வரை நேரம் கிடைத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் காவலாளியையே பார்த்திருப்பேன். இங்கே இருபது நிமிடத்தில் செய்தி ஏறியது, கூடவே நோட்டிஃபிகேஷனும் போனது. காரணம் மின்கசிவு என்று மாலையில் தெரிந்தது. கதவுகளைத் தட்டி எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பியதே அந்த மனிதர்தான்.

உடனே தலைப்பையும் செய்தியையும் மாற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இணைப்பு முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் அப்படியே இருந்தன. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பகிர்ந்த இடங்களிலெல்லாம் பழைய தலைப்பே நின்றது.

மூன்றாம் நாள் அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. “மாத்திட்டீங்க சார், பார்த்தேன். காலையில படிச்சவங்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்.

பேப்பரில் தவறு வந்தால் மறுநாள் அதே வாசகர் கைக்குத் திருத்தம் போகும். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில்தான், ஆனாலும் போகும். இணையத்தில் காலையில் படித்தவர் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருவது அபூர்வம். போதாததற்கு, தவறே நடக்காததுபோல் சுவடில்லாமல் அழித்தும் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே செய்தியின் மேல்பகுதியில், எது தவறு, எப்போது திருத்தினோம் என்று எழுதினோம். தவறான நோட்டிஃபிகேஷன் யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கே திருத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்றேன். நம் பெயரை நாமே கெடுத்துக்கொள்வதா என்று தயங்கினார்கள், அப்புறம் சம்மதித்தார்கள். அதைப் படமெடுத்து அவர் மகளுக்கு அனுப்பினேன். அப்பாவிடம் காட்டியதாகப் பதில் வந்தது.

*

அண்ணா, உங்களைப் போல நானும் அச்சிலிருந்து இணையத்துக்கு வந்த நிருபர்தான், ஆனால் எனக்கு நடந்தது வேறு மாதிரி. அச்சில் இருந்தபோது ஒரு கைது பற்றி நாலு பத்தி எழுதினேன். செய்தியில் பிழை இல்லை. ஆனால் வழக்கு முடிந்து கைதானவர் விடுதலையானதை நாங்கள் போடவேயில்லை. பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றிய பிறகு, அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்தது என் செய்தி. வேலை கேட்டுப் போன இடங்களில் அதைக் காட்டியே திருப்பி அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

தன்னைப் பற்றிய பழைய தேடல் முடிவுகளை நீக்கும்படி ஒருவர் கூகுளைக் கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எனக்கு நீக்குவதில் மனமில்லை, கைது நடந்தது உண்மைதானே. அவருடைய வழக்கின் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்துவிட்டு, அவர் விடுதலையானதைத் தேதியோடு முதல் வரியாகச் சேர்த்தேன், தலைப்பிலும் சேர்த்தேன். இப்போதெல்லாம் கைதுச் செய்தி எழுதினால் வழக்கு எண்ணைத் தனி நோட்டில் குறித்துவைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, ஒவ்வொரு வழக்கும் என்ன ஆனது என்று விசாரிக்கிறேன்.