புதுப்பிப்பு: .308 துப்பாக்கிக் குழலை 18 அங்குலமாகக் குறைத்தாயிற்று

நியூசிலாந்தில் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் என் .308 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) துப்பாக்கியில் ஒலிக்குறைப்பான் பொருத்தினால் நீளம் கூடி, புதர்க்காட்டில் நுழையவே முடியவில்லை, 22 அங்குலக் குழலை எவ்வளவு வெட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

16 அங்குலம் போதும் என்றவர்களே அதிகம். நான் ஏற்றது, "18இல் நிறுத்துங்கள், வேலையைத் துப்பாக்கிக் கம்மியரிடம் விடுங்கள்" என்ற யோசனையை. அவர் குழலை வெட்டி, வாய்விளிம்பைக் கடைசல் இயந்திரத்தில் புதிதாகச் சீர்செய்து, ஒலிக்குறைப்பானைத் திருகி மாட்ட மரை போட்டுத் தந்தார். மரை துளையின் மையத்தோடு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். பிசகினால் குண்டு ஒலிக்குறைப்பானின் உட்தடுப்புகளில் மோதும். வீட்டுப் பட்டறையில் இதை முயல நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

குழல் குறைந்ததால் குண்டின் வேக இழப்பு வினாடிக்கு 100 அடிக்குள்தான். மானுக்கு அது தெரியப்போவதில்லை.

எதிர்பாராதது வேறு. ஒலிக்குறைப்பானை மாட்டியதும் குண்டு விழும் இடம் கீழே இறங்கியது. அதை மாட்டியபடியே குறியை மறுபடி சரிசெய்தேன். தொடர்ந்து சுட்டால் ஒலிக்குறைப்பான் சூடேறி, குறிபார்க்கும் தொலைநோக்கியில் கானல் அலைகிறது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் அது காற்றில் எழுப்பும் வெடிப்பொலி குறையவில்லை. காதடைப்பான் இன்னும் தேவை.