விரால் அடிப்பான் குஞ்சின் டேக் சஹாராவில் நின்றுவிட்டது, என்ன ஆகியிருக்கும்?

எண்ணூர் டீச்சர்:

வணக்கம். எண்ணூரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். குளிர்காலம் வந்தால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மின்கோபுரத்தின் மேல் உட்கார்ந்து மடவையைக் கிழித்துத் தின்னும் விரால் அடிப்பானை (ஆங்கிலத்தில் ஆஸ்பிரே என்கிற மீன் தின்னும் பறவை) என் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "இது எப்படி மிஸ் வழி கண்டுபிடிச்சு வருது?" என்று துளைத்துக்கொண்டே இருந்தார்கள். நம்மிடம் வரும் பறவையின் டேக் (இருக்கும் இடத்தைப் பதிந்து அனுப்பும் சின்னக் கருவி) விவரம் எதுவும் கையில் கிடைக்கவில்லை. அதனால் ஸ்காட்லாந்தில் இந்த வருடம் பிறந்து, கூட்டில் இருக்கும்போதே டேக் மாட்டப்பட்ட ஒரு குஞ்சை, விலங்குகளின் பயணப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் மூவ்பேங்க் இணையதளத்தில் பின்தொடர்கிறோம்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பியது. பிஸ்கே வளைகுடா, ஸ்பெயின், மொராக்கோ என்று இறங்கி, செப்டம்பர் நடுவில் சஹாராவுக்குள் போனது. அதோடு சரி, புள்ளியே வரவில்லை. நிற்பதற்கு முந்தின நாள் ஒரே ஒரு புள்ளி ஆப்பிரிக்காவுக்குக் கீழே நடுக்கடலில் விழுந்து, அடுத்த புள்ளி மறுபடி பாலைவனத்தில் இருக்கிறது. இரவு 10 மணிக்கும் பறந்துகொண்டிருந்த மாதிரி காட்டுகிறது. பறவை செத்துவிட்டதா? பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணலி ஆய்வு மாணவர்:

டீச்சர், முதலில் அந்தக் கடல் புள்ளி. அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள். ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காதபோது சில டேக்குகள் 0, 0 என்று எழுதிவிடும். அந்த இடம் கினியா வளைகுடாவில் இருக்கிறது. பறவை அங்கே போகவே இல்லை. அந்த வரியை நீக்கிவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

இரவு 10 மணி விஷயமும் அப்படித்தான். திரையில் தெரிவது நம் நேரமா, உலக நேரமா (UTC) என்று பாருங்கள். நம் நேரம் என்றால் மௌரிட்டேனியாவில் அப்போது மாலை நாலரை, நல்ல வெயில். நிலத்தின் மேல் இவை பெரும்பாலும் பகலில்தான் பறக்கும். சூடான காற்று மேலே எழும்போது அதில் ஏறி வட்டமிட்டு, அப்புறம் சறுக்கிக்கொண்டே போகும். கடலைக் கடக்கும்போது இறங்க இடமில்லாததால் ராத்திரியிலும் பறக்கலாம்.

இனி முக்கியமான கேள்வி. அது எந்த வகை டேக்? செல்போன் டவர் வழியாக அனுப்பும் வகை என்றால், சஹாராவில் சத்தமே இல்லாமல் போவது சகஜம். டேக் இடங்களைப் பதிந்து தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். செனகல் பக்கம் டவர் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். ஆர்கோஸ் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் வகைக்கு டவர் தேவையில்லை. ஆனால் அதிலும் சிலவற்றை 10 மணி நேரம் அனுப்பிவிட்டு 48 மணி நேரம் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும்படி அமைத்திருப்பார்கள். அதற்கும் மேல் பல நாள் மௌனம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

செங்குன்றம் வாசகர்:

குஞ்சுகள் நிறைய முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு வீண் நம்பிக்கை கொடுக்காமல் செத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் அம்மா.

மணலி ஆய்வு மாணவர்:

சார், முதல் வருடம் ஆபத்தானது என்பது உண்மை. ஆனால் தகவல் வராததை மட்டும் வைத்துச் சாவு என்று எழுதினால் அது தவறான பதிவாகிவிடும். டேக் நின்றதற்கும் பறவை நின்றதற்கும் வித்தியாசம் உண்டு. பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியதே அதுதான்.

டீச்சர், நிற்பதற்கு முந்தின கடைசி சில நாட்களின் வரிகளை எடுங்கள். பேட்டரி வோல்ட் 4ஐ ஒட்டி நன்றாக இருந்து திடீரென நின்றதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதா? மெல்ல இறங்கினால் சோலார் தகட்டை இறகு மூடியிருக்கலாம், பறவை விழுந்து தகடு மண்ணைப் பார்த்தும் கிடக்கலாம். கடைசிப் புள்ளிகள் எல்லாம் சில மீட்டருக்குள் குவிந்து, வெப்பநிலை மட்டும் பகலில் மணல் சூட்டுக்கு ஏறி இரவில் இறங்கினால், அது கெட்ட அறிகுறி. உயிரோடு இருக்கும் பறவை ஓரிடத்தில் தங்கினாலும் புள்ளிகள் கொஞ்சம் நகரும், அசைவுப் பதிவும் மாறிக்கொண்டே இருக்கும்.

எண்ணூர் டீச்சர்:

ரொம்ப நன்றி தம்பி. கடல் புள்ளி 0, 0தான். டவர் வகை டேக். வோல்ட் கடைசிவரை 4.1. கடைசி நாளில் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்காகப் போயிருக்கிறது. தாய் தகப்பன் பின்னால் போகிறதா என்று ஒரு பையன் கேட்டான்.

மணலி ஆய்வு மாணவர்:

அப்படியென்றால் காத்திருங்கள். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த பறவை, டவர் இல்லாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் இப்போதைக்குச் சொல்லக்கூடியது.

அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: அது தனியாகத்தான் போகிறது. தாய் பெரும்பாலும் குஞ்சுக்கு முன்பே கிளம்பிவிடும். தகப்பன் கொஞ்ச நாள் மீன் கொண்டுவந்து போடும், ஆனால் வழிகாட்ட வராது. எந்தத் திசையில் போவது என்பது பிறவியிலேயே வருகிறது. பக்கவாட்டுக் காற்று தள்ளினால் சரிசெய்யும் அனுபவம் குஞ்சுக்குக் குறைவு, அதனால் முதல் பயணத்தில் கோடு வளைந்து நெளிந்து போகும். இன்னொன்று, மார்ச்சில் திரும்பி வரவில்லையே என்று பதற வேண்டாம். பிழைத்த குஞ்சு அடுத்த கோடையிலும் ஆப்பிரிக்காவிலேயே இருக்கும். ஊர் திரும்ப இரண்டு வயதாவது ஆக வேண்டும்.

காட்டுக்குப்பம் தம்பி:

அக்கா, நாங்கள் இறால் பிடிக்கப் போகும்போது அந்தக் கோபுரத்துப் பறவையைத் தினமும் பார்ப்போம். அதற்கு டேக் இருந்தால் எப்படித் தெரியும்?

மணலி ஆய்வு மாணவர்:

பல டேக்குகளில் முதுகில் இறகுக்கு மேலே மெல்லிய கம்பி மாதிரி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும், பறவை திரும்பி உட்காரும்போது பாருங்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் இருந்தால் நிறம், எந்தக் கால், எழுத்து எண் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். படகைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், மீனைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். வளைய எண் கிடைத்தால் மும்பையில் உள்ள பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தேதி, இடத்தோடு எழுதுங்கள், டீச்சர் உதவுவார்.

எண்ணூர் டீச்சர்:

கண்டிப்பாக எழுதித் தருகிறேன் தம்பி. பள்ளியில் பைனாகுலர் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை பிள்ளைகளோடு படகுத்துறைக்கு வருகிறோம். குஞ்சின் பக்கத்தில் "டவர் இல்லை, காத்திருக்கிறோம்" என்று வகுப்பு வரைபடத்தில் எழுதிவிட்டோம். புதுப் புள்ளி வந்தால் இங்கே போடுகிறேன்.