‘நம்ம வீட்டுப் பிள்ளைங்க’ குழு, சனிக்கிழமை

நித்யா (காலை 9.04): அத்தை, கவினுக்கு நேத்து 18ஆம் மாச ஊசி போட்டாச்சு. எடை 10.9 கிலோ. ஒரு வயசுல 9.7 இருந்தான். ஆறு மாசத்துல 1.2 கிலோதான் ஏறியிருக்கு. கன்னமெல்லாம் வத்திப் போச்சு. பால்ல கலக்க ஏதாவது நல்ல பவுடர் சொல்லுங்களேன்.

தேன்மொழி அத்தை: பவுடர் இருக்கட்டும். உயரம் அளந்தாங்களா?

நித்யா: 82 செ.மீ. ஒரு வயசுல 76.

தேன்மொழி அத்தை: அப்போ பிள்ளை நல்லாத்தான் வளர்ந்திருக்கான். உலக சுகாதார நிறுவனத்தோட வரைபடத்துல 18 மாச ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு 10.9 கிலோ, 82 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. கவின் அங்கேதான் நிக்கிறான்.

தேன்மொழி அத்தை: இன்னொண்ணு பாரு. எடையை உயரத்தால (மீட்டர்ல) ரெண்டு தடவை வகு. ஒரு வயசுல 16.8 வரும், இப்போ 16.2. குறைஞ்சிருக்கு இல்ல? குறையணும். பிறந்ததுல இருந்து 8, 9 மாசம் வரைக்கும் இந்த எண் ஏறும். அப்புறம் 5, 6 வயசு வரைக்கும் மெதுவா இறங்கிக்கிட்டே வரும். அதுக்கு மேலதான் மறுபடி ஏறும். அந்த ரெண்டாவது ஏத்தம் 5 வயசுக்கு முன்னாடியே தொடங்கிட்டா பின்னாடி உடல் பருமன் வர வாய்ப்பு அதிகம். நிறைய வீடுகள்ல இந்த இறக்கத்தைப் பார்த்துப் பதறித்தான் பவுடரும் பிஸ்கட்டும் உள்ள வருது. பிள்ளை மெலியல, நீளுறான்.

சரஸ்வதி ஆச்சி: ஏட்டி நித்யா, நடக்க ஆரம்பிச்சா சதை வத்தத்தான் செய்யும். தவழுற வரைக்கும்தான் கொழுகொழுன்னு இருக்கும்.

பிரியா: அப்போ எப்பதான் கவலைப்படணும் அத்தை?

தேன்மொழி அத்தை: ரெண்டு மூணு மாசம் எடை துளிகூட ஏறாம நின்னா. இருந்த கோட்டை விட்டு அடுத்த கோட்டுக்குக் கீழே இறங்கினா. உயரமும் நின்னா, வெளுத்துப் போனா, அடிக்கடி பேதி காய்ச்சல்னா. உடனே டாக்டர்கிட்டக் காட்டணும். மேல் பக்கமும் அப்படித்தான்: உயரத்துக்கேத்த எடை வரைபடத்துல +2ன்னு போட்டிருக்கிற கோட்டைத் தாண்டினா அதிக எடை, +3 தாண்டினா பருமன். வயசுக்கேத்த எடையை மட்டும் பார்த்தா இது தெரியாது. அங்கன்வாடியில உயரமும் எடையும் போஷன் ட்ராக்கர்ங்கிற அரசாங்க ஆப்ல ஏத்துறாங்க, அவங்ககிட்டக் கேளு, சொல்வாங்க.

கவிதா அக்கா (9.31): நித்யா, அவன் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுறான், குடிக்கிறான்? தண்ணியைத் தவிர எல்லாத்தையும் எழுது.

நித்யா: காலை 6க்கு 200 மில்லி பால். 8க்கு இட்லி ஒண்ணு, அதுவும் ஓடி ஓடி. 10.30க்கு பால் 200, பிஸ்கட் 4. மதியம் பருப்பு சாதம், போன் காட்டினா முழுக் கிண்ணம் போகும், இல்லன்னா நாலு வாய். 4க்கு பால் 200. ராத்திரி சாப்பிடவே மாட்டான், பாட்டில்ல பால் 200 குடிச்சுட்டே தூங்கிடுவான். எல்லாப் பால்லயும் ஒரு ஸ்பூன் சர்க்கரை.

கவிதா அக்கா: பால் மட்டும் 800 மில்லி, சுமார் 480 கலோரி. நாலு ஸ்பூன் சர்க்கரை 80. பிஸ்கட் 80. மொத்தம் 640. இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கே கிட்டத்தட்ட 900 கலோரிதான் வேணும். மூணுல ரெண்டு பங்கு குடிச்சே தீர்த்துட்டான். பசி எங்கிருந்து வரும்? அவன் வாயை மூடுறது அடம் இல்ல, வயிறு சொல்ற பதில்.

கவிதா அக்கா: பவுடர் சேர்த்தா இன்னும் சர்க்கரைதான் ஏறும். டப்பா பின்னாடி ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ வரியைப் பாரு. 100 கிராமுக்கு 20 கிராம்னு போட்டிருந்தா, 25 கிராம் கலக்குறப்ப 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஆன்லைன் கடைகள் இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையில வெச்சு விக்கக் கூடாதுன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசே சொல்லிடுச்சு.

நித்யா: பாலைக் குறைச்சா சத்து?

கவிதா அக்கா: ஒரு வயசுக்கு மேல 400 மில்லி தாராளம், 500க்கு மேல போக வேண்டாம். பால்ல இரும்புச் சத்து அறவே கம்மி. பால்லயே வயிறு நிறையிற பிள்ளை குண்டாவும் இருக்கும், ரத்தசோகையும் இருக்கும்.

தேன்மொழி அத்தை: முதல்ல ராத்திரி பாட்டிலை நிறுத்து. பாலோட தூங்கினா பல்லும் சொத்தையாகும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை 50 மில்லி குறை. ராத்திரி சாப்பாட்டை 7 மணிக்குக் கொண்டு வா, பல் தேய், அதுக்கப்புறம் தண்ணி மட்டும். பகல் பாலை சின்ன எவர்சில்வர் டம்ளர்ல கொடு. டம்ளர்ல குடிச்சா தானாவே அளவு குறையும். சர்க்கரையையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடு.

நித்யா: போன்?

கவிதா அக்கா: இதுதான் ரொம்ப முக்கியம். திரையைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுற பிள்ளைக்கு வாய்க்குள்ள என்ன போகுதுன்னே தெரியாது. வயிறு நிறைஞ்சதும் மூளைக்குப் போற சேதியை அவன் கவனிக்கிறதில்ல. மாசக்கணக்கா இப்படிப் போனா ‘போதும்’னு உணர்ற பழக்கமே மங்கிடும். பிறக்கும்போதே எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் உண்டு, கெடுக்காம இருந்தாலே போதும்.

கவிதா அக்கா: என்ன சாப்பாடு, எப்போ, எங்கே உக்காந்து, இது உன் பொறுப்பு. எவ்வளவுன்னு அவன் முடிவு பண்ணட்டும். தரையில எல்லாரும் உக்காருறப்ப அவனுக்கும் ஒரு தட்டு. 250 மில்லி கிண்ணத்துல முக்கால் கிண்ணம் வை, கேட்டா இன்னும் கொடு. கையால அளையட்டும். 20, 30 நிமிஷத்துல தட்டை எடுத்துடு, திட்டாதே, கெஞ்சாதே. அடுத்த வேளை ரெண்டரை, மூணு மணி நேரம் கழிச்சுத்தான். நடுவுல தண்ணி மட்டும்.

கவிதா அக்கா: கெடுறது எங்கேன்னா, முதல் மூணு நாள். நாலே வாய் சாப்பிட்டு எழுந்திருப்பான். ‘ஐயோ பட்டினி’ன்னு அரை மணி நேரத்துல யாராவது ஒரு பிஸ்கட் நீட்டுவாங்க. சாப்பிடலன்னா பிஸ்கட் வரும்னு அவன் கத்துக்குவான். வீட்டுல எல்லாரும் ஒண்ணாப் பேசி வெச்சுக்கோங்க.

சரஸ்வதி ஆச்சி: நான் கொடுக்க மாட்டேன். உங்க மாமியார்கிட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும்.

முருகேசன் மாமா (10.12): <பலமுறை பகிரப்பட்டது> 4 மாதத்திலேயே குழந்தை எடை மளமளவென ஏற ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி கருப்பட்டிக் கஞ்சி!

முருகேசன் மாமா: பிரியாவுக்கு உதவும்னு போட்டேன்.

பிரியா: பாப்பாவுக்கு 5 மாசம் 20 நாள் மாமா. 6.7 கிலோ. பிறந்தப்ப 2.6 தான், அதனால எல்லாரும் எடை ஏத்து, எடை ஏத்துன்னு சொல்றாங்க. தாய்ப்பால்தான், ராத்திரி ஒரு தடவை மட்டும் பால்மாவு.

தேன்மொழி அத்தை: ஏங்க, அதை அழிச்சிடுங்க. பாப்பா 5 மாசத்துல பிறந்த எடையைப் போல ரெண்டு மடங்கு ஆனாலே போதும், 5.2. அதைத் தாண்டி எங்கேயோ போயிட்டா. 180 நாள் முடியட்டும். பால்மாவு குடிக்கிற குழந்தைங்களுக்கு 4 மாசத்துக்கு முன்னாடியே கஞ்சி தொடங்கினா பின்னாடி பருமன் வர வாய்ப்புக் கூடுதல்னு ஆய்வே இருக்கு.

கவிதா அக்கா: சின்னதாப் பிறந்த குழந்தையை அவசரமாக் கொழுக்க வைக்கிறதுதான் நம்ம ஊர்ல பெரிய ஆபத்து மாமா. புனேல டாக்டர் யாஜ்னிக் குழு அளந்து பார்த்திருக்காங்க: நம்ம குழந்தைங்க எடை குறைச்சலாப் பிறந்தாலும் தசைதான் கம்மி, கொழுப்பு அந்த அளவுக்குக் கம்மி இல்ல. மேல மேல கஞ்சியும் வெல்லமும் ஏத்தினா தசை வளராது, கொழுப்புதான் சேரும். பின்னாடி சர்க்கரை நோய்க்கு அதுவே வழி.

முருகேசன் மாமா: அழிச்சிட்டேன்மா. மத்த குழுவுலயும் அழிச்சிடறேன்.

தேன்மொழி அத்தை: பிரியா, பால்மாவு எப்படிக் கலக்குற?

பிரியா: 60 மில்லிக்கு ரெண்டு ஸ்பூன், குவிச்சு. தூங்கட்டுமேன்னு.

தேன்மொழி அத்தை: குவிக்காதே. டப்பாவுல உள்ள கரண்டியால எடுத்து, கத்தியோட முதுகால மேல வழிச்சு மட்டமாக்கு. பெரும்பாலான டப்பாவுல 30 மில்லிக்கு ஒரு மட்டக் கரண்டி. உன்னோடதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு. தண்ணியை முதல்ல அளந்து ஊத்தணும், மாவு பிறகு. குவிச்சுப் போட்டா புரதமும் உப்பும் கூடும், தாகத்துல அழுவா, அதைப் பசின்னு நினைச்சு இன்னும் கொடுப்போம். புரதம் கூடின பால்மாவு குடிச்ச பிள்ளைங்களுக்கு 6 வயசுலயும் பருமன் அதிகம்னு ஐரோப்பாவுல 5 நாட்டுல நடந்த ஆய்வு சொல்லுது. ஒரு வயசுக்குள்ள பசும்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம்னு சொல்றதுக்கும் புரதம் ஒரு காரணம்.

தேன்மொழி அத்தை: பாட்டிலை விட பாலாடை (பால் புகட்டுற சங்கு) நல்லது. மடியில நல்லா நிமிர்த்தி உக்கார வை, பாலாடை மூக்கு கீழ் உதட்டைத் தொடட்டும், பால் உதட்டுல பட்டாப் போதும், அவளே நக்கி உறிஞ்சுவா. வாய்க்குள்ள ஊத்தாதே, புரையேறும். அவ நிறுத்தினா நீயும் நிறுத்து. கடைசி 10 மில்லி மிச்சம்னா கீழே கொட்டு, மனசு கேக்கலன்னாலும் கொட்டு.

பிரியா: பசி எது, தூக்கம் எதுன்னு தெரியல அத்தை. அழுதா உடனே கொடுத்துடறேன்.

தேன்மொழி அத்தை: அழுகை பசியோட கடைசி அறிகுறி. அதுக்கு முன்னாடியே கை வாய்க்குப் போகும், தலையை அங்க இங்க திருப்பித் தேடுவா, நாக்கை நீட்டுவா. வயிறு நிறைஞ்சா இறுக்கி மூடின கை தளர்ந்து விரியும், முகத்தைத் திருப்புவா. குடிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகல, அழுறான்னா முதல்ல துணி நனைஞ்சிருக்கா, காத்து அடைச்சிருக்கா, தூக்கமான்னு பாரு. தோள்ல போட்டு நட. எல்லா அழுகைக்கும் பாலே பதில்னா, வருத்தம் வந்தாலும் சாப்பாட்டைத் தேடுற பழக்கம் அங்கேதான் தொடங்குது.

பிரியா: 6 மாசம் முடிஞ்சதும் எதுல ஆரம்பிக்க?

சரஸ்வதி ஆச்சி: கேப்பைக் கூழ். ரெண்டு மேசைக்கரண்டி கேப்பையைக் கழுவி ராத்திரி ஊறப் போடு. காலையில அரைச்சு வெள்ளை வேட்டித் துணியில பிழிஞ்சு பால் எடு. சின்னத் தீயில கை விடாமக் கிண்டு, கொதிச்சு நிறம் மாறிப் பளபளன்னு வரணும். கட்டி தட்டினா வேகலன்னு அர்த்தம்.

கவிதா அக்கா: ஆச்சி சொன்னது முதல் ரெண்டு வாரத்துக்கு அருமை. அப்புறம் பிழியாம முளைகட்டின மாவாவே போடு. முளைகட்டினா கூழ் கெட்டியாகாம இளகி இருக்கும், அதனால மாவு கொஞ்சம் கூட்டிப் போடலாம், ஒவ்வொரு கரண்டியிலயும் சத்து கூடும். கரண்டியைச் சாய்ச்சா ஓடக் கூடாது, மெதுவா வழுக்கி விழணும். ரெண்டு மூணு மேசைக்கரண்டி, நாளைக்கு ரெண்டு வேளை. 8 மாசத்துக்குள்ள 125 மில்லி, அதாவது அரைக் கிண்ணம், ரெண்டு மூணு வேளை.

பிரியா: கருப்பட்டி?

கவிதா அக்கா: வேண்டாம். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, உப்பு எதுவும் ஒரு வயசு வரை வேண்டாம். தேன் கூடவே கூடாது, குடல்ல நச்சுக் கிருமி வளரும். அங்கன்வாடி சத்துமாவுல வெல்லம் ஏற்கெனவே இருக்கு, மேல போடாதே. நெய் ஒரு டீஸ்பூன் கட்டாயம் போடு. ரெண்டு வயசு வரை கொழுப்பைக் குறைக்கக் கூடாது, மூளை வளர்ற காலம். ஏத்தங்காய்ப் பொடி எப்பவாவது சரி, அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். பாசிப்பருப்பு, முட்டை, ஈரல், முருங்கைக்கீரை இதெல்லாம் சீக்கிரமே பழக்கு. துப்பினா ‘பிடிக்கல’ன்னு ஒதுக்காதே, புது ருசியை எட்டு பத்து தடவை காட்டினாத்தான் ஒத்துக்குவா. பழம் மசிச்சுக் கொடு, ஜூஸ் வேண்டாம்.

தேன்மொழி அத்தை: தூக்கமும் பாரு. 4 மாசத்துல இருந்து 11 மாசம் வரை பகலும் ராத்திரியும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், கவினுக்கு 11 முதல் 14. ரெண்டு பேருக்குமே திரை வேண்டாம். பாப்பாவை முழிச்சிருக்கிறப்ப அரை மணி நேரமாவது குப்புறப் போட்டு விளையாடு.

நித்யா (10.58): இன்னிக்கு ராத்திரி 150 மில்லில ஆரம்பிக்கிறேன். எடை எப்போ பார்க்க?

தேன்மொழி அத்தை: ஒரு மாசம் கழிச்சு. அதே மெஷின்ல, டயப்பரைக் கழட்டிட்டு. உயரமும் சேர்த்து அளந்து ரெண்டையும் இங்கே போடு. நடுவுல தினமும் தூக்கி நிறுத்தாதே.