தோட்டத்தில் பார்த்த உயிரினங்களைப் பதிந்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

மண்டோர் மகள்:

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி (இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறவர்களுக்கும்!). கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட், பறவைகளுக்கான இபேர்ட் மாதிரியான செயலிகளில் செம்பனைக்காட்டில் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்) எடுத்த படம் எதையாவது ஏற்றியிருக்கிறீர்களா?

என் கதை ஒரு பூனையில் தொடங்கியது. கோயில் கூட்டம் முடிந்து இரவில் மோட்டாரில் வரும்போது, வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்துக்கும் ஓடவில்லை. உடம்பெல்லாம் கரும்புள்ளி, நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை கோடு. கைப்பேசியில் எடுத்த படம் சுமார்தான். 'பூனை' என்று மட்டும் போட்டு ஏற்றினேன். மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் சிறுத்தைப் பூனை என்று அறிவியல் பெயரோடு எழுதி, காதின் பின்பக்கத்து வெள்ளைப் பொட்டைப் பாருங்கள் என்றார். பெரிதாக்கிப் பார்த்தால், ஆமாம், இருக்கிறது! முக்கியமாக எலி தின்று வாழும் பிராணியாம். பிறகு செம்பனைக்காட்டை விட்டு ஏன் போகப்போகிறது?

அப்புறம் இன்னொருவரும் அதையே சொன்னார். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு 'ஆய்வுத் தரம்' ஆகிவிடும். அப்படிப்பட்ட பதிவுகள் போய்ச் சேரும் ஜிபிஃப் தளத்தில் கொஞ்ச நாள் கழித்துத் தேடினேன். 2001இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு அது; செயலகம் கோப்பன்ஹேகனில். அருங்காட்சியக மாதிரிகள் முதல் நம் கைப்பேசிப் படங்கள்வரை 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அங்கே உள்ளன, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். என் பூனையும் அதில் இருந்தது.

வரைபடத்தை நகர்த்திப் பார்த்தபோதுதான் மனசு உறுத்தியது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காப் பக்கம் புள்ளிமேல் புள்ளி. நம் பக்கம் கிட்டத்தட்ட வெறுமை. இதைப் பார்க்கிற ஆராய்ச்சியாளர் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கேமராவோடு வருகிறவர்கள் பூங்காவுக்குத்தான் போவார்கள். இங்கே தினமும் நடக்கிறவர்கள் நாம்தானே.

ஓய்வுபெற்ற கிராணி:

நல்ல காரியம்மா. ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. நான் வேலை பார்த்த தோட்டத்தில், விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் வழியில் ஒரு தெங்கிலிங் (எறும்புத்தின்னி) சாலையைக் கடந்தது. மண்டோர் (மேற்பார்வையாளர்) டார்ச் அடித்ததும் சுருண்டு உருண்டையாகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், செதில் நம் நகம் மாதிரியே இருந்தது. அன்று மத்தியானமே வெளியாள் ஒருவன் விலை பேச வந்துவிட்டான். எப்படித்தான் தெரிந்ததோ! நல்லவேளை, அதற்குள் அது போய்விட்டது. இப்போது இடம், தேதி எல்லாவற்றையும் திறந்து வைத்தால் அந்த ஆளுக்கு நாமே வழி காட்டுவதாகாதா?

இன்னொன்று. 1981க்கு முன்னால் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவ ஆள் வைத்திருந்தார்கள். மாவில் கலந்து பூ பூவாக ஊதிக்கொண்டே போக வேண்டும். என் அக்காவும் ஊதியவர்தான். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்தம் சேர்ப்பதை வண்டே பார்த்துக்கொண்டது, ஊதுகிற வேலை போயே போச்சு. ஆண்பூவைத் தட்டினால் இன்றும் அந்த வண்டு கையில் கொட்டும். அதை யாராவது பதிகிறீர்களா, இல்லை பூனைக்குத்தான் மரியாதையா?

என்னிடம் பழைய டைரிகள் இருக்கின்றன. தேதி, பிளாக் எண் (தோட்டப் பிரிவின் எண்), கண்ட பாம்பு, சில இடங்களில் பறவையும். அவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

தமிழ்ப்பள்ளி வாத்தியார்:

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. தெங்கிலிங் மாதிரி அருகிவரும் விலங்குகளின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நம் பக்கம் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளம், அதே அளவு அகலம். அதற்குள் எத்தனை தோட்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் செயலி மறைத்ததை நாமே காட்டிக்கொடுத்துவிடலாம். மரத்தில் பெயின்டால் எழுதிய பிளாக் எண் படத்தில் விழுந்தால் போச்சு. குறிப்பில் தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளைக் கூகைப் பெட்டி பார்க்கக் கூட்டிப்போனேன், நிர்வாகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான். எலியைத் தின்னக் கூகை வந்து தங்கட்டும் என்று தோட்டத்தில் கம்பத்தின்மேல் வைப்பார்களே, அந்தப் பெட்டி. கூகை கண்ணில் படவில்லை. அடியில் கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடந்தன. செரிக்காததை அது கக்கியது. நீரில் ஊறவைத்துப் பிரித்தால் ரோமத்துக்குள் எலியின் மண்டையோடு, ஆரஞ்சு நிற முன்பல்லோடு. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளைகள் அப்புறம் இடுக்கிக்குச் சண்டை போட்டார்கள்! பறவையே இல்லாவிட்டாலும் இது பதிவுதான். காலடித் தடம், கூடு, குரலின் ஒலிப்பதிவு எதுவானாலும் ஏற்றலாம். உங்கள் கூன்வண்டும் அப்படியே; ஆண்பூவோடு சேர்த்துக் கிட்டத்தில் எடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உரிமத்தில் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று வைத்தால் பதிவு ஜிபிஃபுக்குப் போகாது.

டைரி விஷயம். என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்பது தெரிந்தால் 'டார்வின் கோர்' என்ற பொது அட்டவணை முறைக்குள் அடக்கிவிடலாம். எல்லா நாட்டுப் பதிவுகளும் ஒன்றோடொன்று சேர்வதற்கு அதுதான் அச்சாணி. படம் இல்லாததால் ஐநேச்சுரலிஸ்டில் ஆய்வுத் தரம் கிடைக்காது. பறவைகளை இபேர்டில் பழைய தேதியிலேயே பட்டியலாகப் போடலாம். பாம்புக் கணக்கை ஜிபிஃபில் தனியாளாக வெளியிட முடியாது, ஒரு நிறுவனம் வழியாகத்தான். பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம், 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பிளாக் எண் எந்த இடம் என்று சொல்லப் பழைய தோட்ட வரைபடம் வேண்டும். அது தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணியிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்?

ஓய்வுபெற்ற கிராணி:

இருக்கிறது, ஓரமெல்லாம் கரையான் தின்றுவிட்டது. பிளாக் எண் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்க வாத்தியாரே.