கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கம்: நேரில் போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாமா வீட்டுக் காளையோடு அலங்காநல்லூர் வாடிவாசலுக்கும் போயிருக்கிறேன், பக்கத்தில் கீழக்கரையில் கட்டிய ஜல்லிக்கட்டு அரங்கத்துக்கும் போயிருக்கிறேன். அரசுப் பணம் 62 கோடிக்கு மேல் செலவழித்து 2024 ஜனவரி 24-ல் திறந்தார்கள். ஒரு நாள் கூத்துக்கு மீசை எடுத்த கதை என்று பேசுகிறவர்கள், ஊர் வாடிக்குப் பின்னால் ஒரு ராத்திரி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கட்டும். கையில் டோக்கன் இருந்தாலும் முந்தின ராத்திரியே போய் வரிசையில் நிற்க வேண்டும், சந்து முழுக்கக் காளைகள், பின்னால் இருக்கிறவர்கள் நெருக்க நெருக்க முன்னால் நிற்கிற மாடு மிரண்டு திமிறும், கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். வாடிக்குள் நுழையும் முன்பே குத்து வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். அரங்கத்தில் மாடு நிற்கத் தனி இடம் இருக்கிறது, கால்நடை மருந்தகம் இருக்கிறது. எங்கள் காளை அங்கே பதறாமல் நின்று தண்ணீர் குடித்தது. மாடு வளர்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்புறம், அம்மா காலமெல்லாம் தீவனம் வைத்து வளர்த்த மாடுகள் வாடியிலிருந்து பாய்வதை அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார். பொங்கலுக்கு முனியாண்டி கோயில் மாட்டை முதலில் அவிழ்க்கிற ஜல்லிக்கட்டு அலங்காநல்லூர்ப் பழைய வாடியிலேயே நடக்கிறது, அதை யாரும் அங்கிருந்து நகர்த்தக் கூடாது.

அண்ணே, மாட்டுக்காரர்கள் பக்கம் நீங்கள் சொல்வது சரிதான், நானும் போய்ப் பார்த்தேன், ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் நான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறவள். பொட்டலில் கருவேல முள்ளைப் பொறுக்கிவிட்டுத்தான் கோடு போடுவோம், மழை பெய்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு மறைவு கிடையாது. அங்கே 66 ஏக்கர், 5,000 பேர் உட்கார இடம், காளை ஓடுகிற நாட்கள் வருஷத்தில் எத்தனை வந்துவிடும்? பணத்தைப் போட்டாயிற்று, அதைத் திரும்ப எடுக்க முடியாது. மாடு ஓடாத மாதங்களில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கட்டணம் வாங்காமல் திறந்துவிடட்டும், கபடிக்கும் கைப்பந்துக்கும் ஒரு ஓரம் போதும். விளக்கும் கழிப்பறையும் உள்ள ஒரு மைதானம் கிடைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும் இந்தப் பெண்களை ஆடவைக்க முடியும் அண்ணே, அவர்கள் வீட்டிலும் தைரியமாக அனுப்புவார்கள்.