மறு: கழற்ற வராத திருகுக்கு என்ன சொல் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கார் பழுதுபார்ப்புச் சொற்பட்டியலில் இந்த ஒரு பதிவு மட்டும் நிற்கிறது. வந்த பரிந்துரைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> 'இறுகிய திருகு' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். இறுக்கம் என்பது ஸ்பேனரால் நாமே கொடுப்பது. சக்கர நட்டு இறுகித்தான் இருக்க வேண்டும், அது பழுதில்லை. நாம் தேடும் சொல், இறுக்கியபோது கொடுத்ததைவிடக் கழற்றும்போது பல மடங்கு விசை கேட்கிற திருகுக்கு. இடைப்பட்ட காலத்தில் மரைக்குள், அதாவது திருகில் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளத்துக்குள், ஏதோ நடந்திருக்கிறது. பெயர் வேண்டியது அதற்குத்தான்.

> அப்படியானால் 'துருப்பூட்டு'.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் துரு இருக்காதே. இரும்பு போல்ட்டில் சரி: துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், மரைகளுக்கு இடையே இருந்த சிறு இடைவெளியை அடைத்துவிடும். அலுமினிய என்ஜின் பாகத்தில் எஃகு போல்ட் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் மின்கலம்போல் வேலை செய்து, அரிக்கப்படுவது அலுமினியம். வருவது வெள்ளைத் தூள். துருவேறா எஃகில் இதுவும் இல்லை. மேலே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் உராய்வில் உரிந்து, மரையும் மரையும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். புத்தம்புது நட்டை வேகமாக முடுக்கும்போதேகூட நடக்கும். நான்காவது, தொழிற்சாலையில் வேண்டுமென்றே மரைக்குப் பூசிவிட்ட பசை.

இதெல்லாம் சொல் விவாதத்துக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். பெயர் தப்பினால் வைத்தியமும் தப்பும். 'துருப்பூட்டு' என்று படித்தவர் பசை போட்ட போல்ட்டுக்கு இரவு முழுக்க எண்ணெய் விட்டுக் காத்திருப்பார். அது எண்ணெய்க்கு மசியாது. வலுவான வகைப் பசை இளகச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

என் பரிந்துரை: மரைப்பிடிப்பு. பட்டறையில் யாரும் 'இறுகிவிட்டது' என்பதில்லை, 'பிடிச்சுக்கிச்சு' என்பார்கள். தசைப்பிடிப்பு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, காதுக்குப் புதிதில்லை. காரணம் தெரிந்தால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: துருப்பிடிப்பு, பசைப்பிடிப்பு, உராய்வுப்பிடிப்பு. வெள்ளைத் தூளுக்கு 'உப்புப் பூத்தல்' என்ற பேச்சுவழக்கே போதும், புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

> சூடாக்குதல், எண்ணெய் விடுதல் இவற்றுக்கும் தனிச்சொல் வேண்டுமா?

சூடாக்குவதற்கு வேண்டாம். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சூடு காட்ட வேண்டியது நட்டுக்கு, போல்ட்டுக்கு இல்லை. வெளியே இருப்பது விரிந்தால்தான் பிடி தளரும். ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மீட்டர் எஃகு சுமார் 12 மைக்ரோமீட்டர் விரியும், அலுமினியம் சுமார் 23. அதனால்தான் அலுமினியத்துக்குள் மாட்டிய எஃகு போல்ட் சூட்டுக்குச் சீக்கிரம் வழிவிடுகிறது. எண்ணெய் விட்ட இடத்தில் தீச்சுடர் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்பதையும் சேருங்கள். பிரேக் துடைக்கும் திரவங்களில் குளோரின் கலந்தவை உண்டு. அவற்றின் ஈரம் இருக்கும்போது சூடாக்கினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரலாம். இது அடிக்குறிப்பில் போக வேண்டிய செய்தியில்லை.

எண்ணெய்க்கு 'ஊடுருவெண்ணெய்' என்று முன்பே முடிவாகிவிட்டது. மாற்ற வேண்டாம்.

கருவிகளில் எனக்கு ஆசை ஒன்றின் மேல்தான்: அடித்திருப்புளி. பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன நட்சத்திரத் தலைத் திருகை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் திருப்புளியால் முறுக்க முறுக்க, முனை மேலே ஏறி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் தலை மழுங்கிவிடும். அடித்திருப்புளியின் பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் முனை உள்ளே அழுந்தும், அதே நொடியில் சிறிது திரும்பும். வழுக்க இடமே இல்லை, அடியின் அதிர்வு துருவையும் உடைக்கும். வேலை முழுவதும் பெயரிலேயே இருக்கிறது. (ஜப்பானியத் திருகுகளின் நட்சத்திரத் தலை சற்றே வேறு வடிவம். பொருந்தாத முனையைப் போட்டு மழுக்கிவிட்டு மரைப்பிடிப்பைக் குறை சொல்பவர்கள் நிறைய.)

தலை போன திருகை எடுக்கும் கருவிக்கு வந்த 'திருகு பிடுங்கி' எனக்கு ஒப்பவில்லை. அது பிடுங்குவதில்லை. திருகின் நடுவில் துளையிட்டு, இடப்பக்கமாக மரை வெட்டிய கூம்பை உள்ளே விடுகிறோம். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அது இன்னும் ஆழமாகக் கவ்வும். ஆகவே 'இடமரைக் கழற்றி'.

—

மறுமொழி:

மரைப்பிடிப்பு, அடித்திருப்புளி இரண்டுக்கும் என் ஒப்புதல், ஐயா. 'துருப்பிடிப்பு'தான் இடிக்கிறது. கதவுக் கீல் முதல் தகரக் கூரை வரை துருப்பிடிக்கிறது. பட்டியலில் தேடுபவருக்கு அது திருகைப் பற்றிய பதிவு என்று தெரியாது. 'துரு மரைப்பிடிப்பு' என்று பிரித்தே எழுதுவோம்.

'இடமரைக் கழற்றி'யில் ஒரு குழப்பம். இடமரை போட்ட திருகுகளும் சில இடங்களில் உண்டே. அவற்றைக் கழற்றும் கருவி என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? 'கவ்விக் கழற்றி' சரிவருமா பாருங்கள். எந்தப் பெயர் வைத்தாலும், அது கடினப்படுத்திய எஃகு, திருகுக்குள் உடைந்தால் சாதாரணத் துளைமுனை அதன்மேல் ஏறாது, கை கொடுக்கும் விசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையை விளக்கத்தின் முதல் வரியாக வைக்க வேண்டுகிறேன்.