குடிக்கிற அப்பாவின் பிள்ளைக்கு என்ன செய்யலாம்? உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். அப்பாவுக்குக் குடிப்பழக்கம். வகுப்பு முடிந்தும் கிளம்ப மாட்டாள். பாய் சுருட்டுவாள், பலகை துடைப்பாள். தெருவில் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். போன மாதம் அவர் நோட்டைக் கிழித்துப் போட்டதிலிருந்து, நோட்டுகளை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டுத்தான் தூங்குகிறாளாம்.

"நான் நல்ல மார்க் வாங்கினா அப்பா குடிக்க மாட்டாருல்ல மிஸ்?" என்று கேட்டாள். உன்னால் வந்ததில்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது, அது ஒரு நோய் என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா தெரியவில்லை.

பிள்ளைகள் மேல் அவர் கை வைத்ததில்லையாம். வைத்தால் யோசிக்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைப்பேன். போதை மீட்பு உதவிக்கான 14446 எண்ணை அம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். "வெளியில தெரிஞ்சா அசிங்கம் டீச்சர்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். அவரிடம் மறுபடி எப்படிப் பேச்சை எடுப்பது?

குடிநோயாளிகளின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே அலட்டீன் கூட்டங்கள் உண்டு. திண்டுக்கல், மதுரைப் பக்கம் தமிழில் நடக்கிறதா? அப்புறம், இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: அந்த வயதில் ஒரு பெரியவர் செய்த எது உங்களுக்குத் துணையாக இருந்தது? தனிச்செய்தியில் சொன்னாலும் போதும். காலாண்டு விடுமுறையில் டியூஷன் இருக்காது, பிள்ளை முழுநாளும் அந்த வீட்டில்தான் இருப்பாள். அதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்துவிட வேண்டும்.